யாருக்குப் பதில் சொல்கிறது அரசு? பாலாற்றுப் படுகையும் மக்களாட்சியின் அமைப்புகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்களாட்சியில் ஒரு கொள்கை பலன் தருவதும் தராமல் போவதும் எதைப் பொறுத்தது என்பதே இன்றைய பொழிவின் கேள்வி. தலைவர்களின் உறுதியைப் பொறுத்தது என்பார்கள் சிலர். மக்களின் ஒழுக்கத்தைப் பொறுத்தது என்பார்கள் வேறு சிலர். கருவூலத்தில் பணம் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது என்பது மூன்றாவது விடை. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஒரே தொழிலைச் சுற்றி எழுந்த இரண்டு கொள்கைகளில் ஒன்று வென்று மற்றொன்று தோற்கும்போது, இந்த விடைகள் போதவில்லை. அப்போது அமைப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் யாருக்கு இருக்கை உண்டு, முடிவெடுத்தவர் யாருக்கு, எந்தத் தேதிக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த ஆராய்ச்சிக்கு ஆற்காட்டுச் சீமை ஏற்ற களம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில், கடந்த ஐம்பது ஆண்டுகளாக இரண்டு கொள்கைகள் அருகருகே நடந்துவந்திருக்கின்றன. ஒன்று தோல் ஏற்றுமதியை வளர்ப்பது. மற்றொன்று ஆற்றையும் அதன் நிலத்தடி நீரையும் காப்பது. முதலாவது தன் இலக்கை எட்டியது. இரண்டாவது, தேவையான சட்டங்கள் எல்லாம் கையில் இருந்தும், இன்றுவரை நீதிமன்றப் படிகளில் காத்துக்கிடக்கிறது. ஒரு கொள்கையால் இழப்பவர்களுக்கு அமைப்புக்குள் நிலையான இடம் இல்லாவிட்டால், அந்த இழப்பைத் தடுக்கும் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பலன் தராது என்பதே நான் இங்கே நிறுவ விரும்பும் கருத்து.

இரண்டு கொள்கைகளின் கதை

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலை அரைகுறைப் பதத்திலேயே வெளிநாடுகளுக்கு அனுப்பிய வட்டாரம் இது. அந்த நிலையை மாற்றியது 1970களின் நடுவண் அரசுக் கொள்கை. சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரைகளை ஒட்டி, பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவது கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாக முடித்த தோலும், காலணி போன்ற தோல் பொருள்களும் ஊக்குவிக்கப்பட்டன. இந்தக் கொள்கையைத் தாங்கி நிற்க அமைப்புகள் இருந்தன. தில்லியில் வணிக அமைச்சகம் இருந்தது. தொழில் முனைவோரே உறுப்பினர்களாக அமரும் ஏற்றுமதிக் குழு இருந்தது. 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. வங்கிக் கடனும் எந்திர இறக்குமதிச் சலுகையும் கிடைத்தன. ஏற்றுமதிக் கணக்கு மாதந்தோறும் எடுக்கப்பட்டது. அது குறைந்தால் விளக்கம் கேட்க ஒருவர் இருந்தார், விளக்கம் சொல்ல ஒருவர் இருந்தார். கால் நூற்றாண்டுக்குள் இந்தியத் தோல் ஏற்றுமதியின் பெரும்பகுதி முடித்த தோலாகவும் தோல் பொருள்களாகவும் மாறியது. ஆம்பூரில் தைத்த காலணி ஐரோப்பியக் கடைகளை எட்டியது. இதை ஒரு சாதனை என்று சொல்ல நான் தயங்கவில்லை. ஆனால் அந்த மாற்றத்தோடு குரோம் பதனிடலும் பெருகியது. முடித்த தோல் கப்பல் ஏறியது. உப்பும் குரோமியமும் கழிவுநீரும் இங்கேயே தங்கின.

இரண்டாவது கொள்கையின் சட்டப் பக்கமும் வலுவானதுதான். நாடாளுமன்றம் 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1982இல் தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம், மாசுபடுத்தும் ஆலையை மூடவும் அதன் மின் இணைப்பைத் துண்டிக்கவும் வாரியமே ஆணையிடலாம் என்று 33-ஏ பிரிவின் மூலம் அதிகாரம் கொடுத்தது. 1989 மார்ச் 30 அன்று வெளியான 213ஆம் எண் அரசாணை, ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தோல் ஆலை போன்ற பெரும் மாசுத் தொழில்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்றது. ஆக, 1990 தொடங்கும்போது சட்டத்தில் குறை என்று சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. இருந்தும் 1991இல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியபோது, தமிழ்நாட்டில் 900க்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் ஐந்து மாவட்டங்களில் இயங்கிவந்தன. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு முடிவு தீர்ப்பிலேயே பதிவானது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், குரோம் பதனிடலில் சுமார் 170 வகை இரசாயனங்கள் பயன்படுகின்றன என்பதும் அதே தீர்ப்பில் உள்ளன. சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்படி பத்தாண்டுகளாக வாரியம் கேட்டுவந்தும் பெரும்பாலான ஆலைகள் அதைச் செய்யவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பம். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டின் சட்டமே என்று அது அறிவித்தது. இன்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயர் ஒலிப்பதற்கு அதுவே காரணம். ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் காலக்கெடு, இழப்பை மதிப்பிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் தனி ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு என்று ஆணைகள் தொடர்ந்தன. ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முடிவை அளித்தது. 547 ஆலைகளால் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு மொத்தம் 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் என்பது அதன் கணக்கு. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். அதுவும் 1998ஆம் ஆண்டு முடியும் வரையிலான இழப்புக்கு மட்டும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் இழப்புக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு நீண்டுகொண்டே போனது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சேர வேண்டியதை மாநில அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், படுகையை ஆராய ஒரு குழு அமைய வேண்டும் என்றும் ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துவிட்டது. இடையில் 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். நீரைக் காக்க எழுப்பிய ஏற்பாடே உயிரைப் பறித்தது என்றால், அந்த ஏற்பாட்டை அன்றாடம் கண்காணிக்கும் பொறுப்பு எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஒரே ஆலை, இரண்டு விதிகள்

இந்த இடத்தில் ஒரு பழைய குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்த் தொழில் முனைவோர் எந்த விதிக்கும் கட்டுப்பட மாட்டார்கள், ஆகவே எந்த அமைப்பு வந்தும் பயனில்லை என்று பலர் சொல்கிறார்கள். இது உண்மையா என்று சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களை வெளியிடக்கூடிய சில அசோ சாயங்களை 1994இல் தடை செய்தது. இரண்டு தடைகளும் இந்தியத் தோல் தொழிலை அதிர வைத்தன. ஆனால் சில ஆண்டுகளுக்குள் மாற்று இரசாயனங்கள் வந்தன, சோதனைக்கூட வசதிகள் பெருகின, சான்றிதழ் முறை வழக்கமானது. இந்திய அரசும் 1997இல் 112 அசோ சாயங்களுக்குத் தடை விதித்தது. பாலாற்றங்கரையில் பத்தாண்டுகளில் முடியாத ஒழுங்கு, ஐரோப்பிய வாடிக்கையாளரின் பொருட்டு சில ஆண்டுகளில் முடிந்தது. ஆலையும் மாறவில்லை, முதலாளியும் மாறவில்லை, தொழிலாளியும் மாறவில்லை. மாறியது விதியின் பின்னால் நின்ற ஏற்பாடு. சரக்கு சோதிக்கப்படும் என்பது உறுதி. தவறினால் சரக்கு திரும்பிவிடும் என்பது உறுதி. காலநீட்டிப்புக் கேட்டு மனுப் போட அங்கே இடமில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்பதால், அதைப் பின்பற்றியவர் போட்டியில் பின்தங்கவும் இல்லை. ஜெர்மானிய நுகர்வோரின் தோலுக்கு வரும் தீங்கைத் தடுக்க ஓர் அமைப்பு இருந்தது. பாலாற்றுக் கிணற்று நீரைக் குடிப்பவரின் உடலுக்கு வரும் தீங்கைத் தடுக்க அதற்கு நிகரான அமைப்பு இல்லை. மக்களின் குணத்தைக் குறை சொல்வதை இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு நாம் கைவிட்டாக வேண்டும்.

அமைப்பின் உள்ளே

அப்படியானால் நம் அமைப்பில் என்ன குறை? முதலில் வாரியத்தையே பார்ப்போம். நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மாநில அரசு. உறுப்பினர்களில் ஐவர் வரை அரசு அதிகாரிகள். விவசாயம், மீன்வளம், தொழில், வணிகம் ஆகிய அனைத்துக்கும் சேர்த்து மூன்று இடங்களுக்கு மேல் இல்லை. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதும் அரசின் விருப்பம். மாநில அரசு எழுத்தில் தரும் வழிகாட்டுதலுக்கு வாரியம் கட்டுப்பட்டது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. தொழிலை வளர்க்கும் கடமையும் வேலைவாய்ப்பைப் பெருக்கும் கடமையும் உள்ள அதே அரசு, அந்தத் தொழிலை மூட வேண்டிய வாரியத்தின் கையையும் பிடித்திருக்கிறது. வாரியத் தலைவர்களின் தகுதி பற்றியும் நியமன முறை பற்றியும் உச்ச நீதிமன்றமே 2017இல் கவலை தெரிவித்து, விதிகள் வகுக்குமாறு மாநிலங்களுக்குச் சொன்னது. வாரியத்தின் பொறியாளர் ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஓர் ஆலையை மூடினால் கேள்வி கேட்கப் பலர் வருவார்கள். மூடாவிட்டால் கேள்வி கேட்க யாரும் வருவதில்லை. எந்தப் பக்கம் கேள்வி வருகிறதோ அந்தப் பக்கம்தான் நிர்வாகம் அஞ்சும்.

இரண்டாவது, தேர்தல். ஓட்டுரிமை இருக்கிறதே, பாதிக்கப்பட்டவர்கள் ஆட்சியை மாற்றலாமே என்று கேட்கலாம். மாற்றினார்கள். 1989, 1991, 1996, 2001, 2006, 2011 என்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறியது. பாலாற்றுக் கொள்கை மாறவில்லை. இதன் காரணத்தை அமெரிக்கப் பொருளியலறிஞர் மான்சர் ஓல்சன் 1965லேயே விளக்கியிருக்கிறார். சிலருக்குப் பெரிய இலாபமும் பலருக்குச் சிதறிய இழப்பும் இருந்தால், சிலர் எளிதில் ஒன்றுகூடுவார்கள், பலர் கூடமாட்டார்கள். ஆலை முதலாளிகளுக்குச் சங்கம் உண்டு, அலுவலகம் உண்டு, தில்லிக்கும் சென்னைக்கும் போய்வர ஆள் உண்டு. நிலத்தடி நீரின் வழியே ஊர் ஊராகப் பரவும் உப்பால் பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனிக் கிணற்றுக்காரர்கள். ஒருவர் கிணறு இந்த ஆண்டு கெடும், அடுத்தவர் கிணறு ஐந்தாண்டு கழித்துக் கெடும். தென்னை காய்ப்பு குறைவதும் நெல் பதராவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. தேர்தல் என்னும் அமைப்பு திடீரென்று வரும் துன்பத்துக்கு விரைந்து பதில் சொல்லும். மெல்ல ஊறும் துன்பத்தை அதனால் எளிதில் பார்க்க முடியாது. சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று நிறுவிய அமார்த்திய சென், அதே மக்களாட்சி அன்றாடப் பசியை ஒழிப்பதில் அவ்வளவு வெற்றி பெறவில்லை என்றும் சுட்டிக்காட்டினார். பாலாற்றின் துன்பம் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நொய்யல் ஆற்றோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். திருப்பூர்ச் சாயக் கழிவு, அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் ஒரே இடத்தில் தேங்கி எல்லோர் கண்ணிலும் பட்டது. அதன் கீழே இருந்தவர்கள் ஆயக்கட்டுதாரர்கள். பாசன உரிமை பெற்றவர்கள் என்ற சட்டப்படியான அடையாளமும் ஒன்றுகூடும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தன. அவர்கள் தொடுத்த வழக்கின் முடிவில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்து, கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஆலைகளைக் கொண்டுவந்தது. நொய்யல் தூய்மையாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதே மாநிலத்தில், அதே வாரியத்தின் கீழ், பாதிக்கப்பட்டவர்கள் ஓர் அமைப்பாக நின்ற இடத்தில் அரசு வேகமாக நகர்ந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, எல்லைகள். ஆறு ஓர் அலகு. நிர்வாகம் வேறோர் அலகு. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டை மாவட்டத்துக்கு வந்தன. பேரணாம்பட்டு வேலூரில் நின்றது. மக்களுக்கு ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது நல்லதே. ஆனால் மேலேயுள்ள ஊரின் கழிவைப் பற்றிக் கீழேயுள்ள ஊரின் உழவர் தம் மாவட்டக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் முறையிட்டால், பதில் சொல்ல வேண்டிய அதிகாரி அந்தக் கூட்டத்திலேயே இருக்கமாட்டார். மாநிலங்களுக்கு இடையே இப்படி இல்லை. பாலாற்றின் நீர் பற்றி மதராஸ் மாகாணத்துக்கும் மைசூருக்கும் 1892இல் ஒப்பந்தம் உண்டு. குப்பம் அருகே ஆந்திர அரசு அணை கட்டத் திட்டமிட்டபோது தமிழ்நாடு அரசு 2006இல் உச்ச நீதிமன்றம் சென்றது. எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசின. மேல்கரை மாநிலத்தைக் கேள்வி கேட்க அரசமைப்பு ஒரு வழி வகுத்திருப்பதால் அந்தக் குரல் எழுந்தது. ஒரே மாநிலத்துக்குள் மேல்கரை ஊரைக் கீழ்க்கரை ஊர் கேட்க அப்படி ஒரு வழி இல்லை.

நான்காவது, உள்ளாட்சி. சிற்றூரின் குடிநீருக்கும் நிலத்துக்கும் மிக அருகில் உள்ள மக்களாட்சி அமைப்பு ஊராட்சிதான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2019 டிசம்பரில் பிற மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடந்தபோதும், மறுசீரமைக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் நடக்கவில்லை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் அந்த ஒன்பதில் அடங்கும். இங்கே ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்தாண்டுகள் இந்தத் தோல் வட்டாரத்தின் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. வாரியத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு இடம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாத காலத்தில் அந்த இடத்துக்கு என்ன பொருள்?

நீதிமன்றம் போதாதா?

இத்தனை குறைகளையும் நீதிமன்றம் ஈடுசெய்யவில்லையா என்று கேட்கலாம். நீதிமன்றத்தின் பணியை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிற அமைப்புகள் கேட்காத குரலை அது கேட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்ததற்கு அதன் ஆணைகள் முக்கியக் காரணம். ஆனால் கென்ட் வீவர், பெர்ட் ராக்மன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் 1993இல் தொகுத்த ஆய்வு நூலில் ஒரு பயனுள்ள பகுப்பு இருக்கிறது. அரசின் திறமை என்பது ஒன்றல்ல, பல. வலிமை மிக்கவர் மீது இழப்பைச் சுமத்துவது ஒரு திறமை. சிதறிக் கிடப்போரின் நலனைப் பேணுவது வேறொன்று. எடுத்த முடிவை நாள்தோறும் நிறைவேற்றுவது இன்னொன்று. ஒன்றில் சிறந்த அமைப்பு மற்றொன்றில் சிறக்க வேண்டுமென்பதில்லை. நம் நீதிமன்றம் முதலாவதில் வல்லது. 1996இல் அதைச் செய்து காட்டியது. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அன்றாடம் பார்க்க நீதிமன்றத்தால் முடியாது. ஒவ்வோர் ஆண்டும் எந்தக் கிணறு புதிதாகக் கெட்டது என்று கணக்கெடுத்துப் பணம் வழங்க முடியாது. வழக்குப் பட்டியலில் வரும் நாளில் மட்டுமே அதன் கண் திறக்கிறது. ஆணையம் 1998 வரையிலான இழப்பைக் கணக்கிட்டதும், அதற்குப் பின்னால் வந்த இழப்பு ஆண்டுக்கணக்கில் தொங்கியதும் நீதிபதிகளின் குறையால் நேர்ந்தவை அல்ல. தீர்ப்பு ஒரு நாளில் முடிவது, மாசு ஒவ்வொரு நாளும் நடப்பது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய நிர்வாக அமைப்பு வெற்றிடமாக இருந்தது.

மூன்று மறுப்புகள்

இங்கே எழக்கூடிய மறுப்புகளில் மிக வலுவானது வேலைவாய்ப்பு பற்றியது. தோல் தொழில் இந்த வட்டாரத்தின் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. தலித் மக்களும் இஸ்லாமியரும், காலணி ஆலைகளில் ஏராளமான பெண்களும் இதை நம்பி வாழ்கிறார்கள். கடுமையான கண்காணிப்பு வந்தால் முதலில் விழுவது கூலிக்குப் பதனிட்டுத் தரும் சிறிய ஆலைதான் என்பதும் உண்மை. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கூர்ந்து பார்த்தால் இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. இன்றைய ஏற்பாட்டில் சிறிய ஆலைக்கு எதுவும் உறுதியில்லை. பல ஆண்டுகள் கேள்வியே இருக்காது; திடீரென்று ஒருநாள் நீதிமன்ற ஆணை வரும், மின் இணைப்பு போகும், தொழிலாளி வீட்டில் உலை அணையும். இழப்பவர்களின் குரல் தொடக்கத்திலேயே கேட்கப்படும் அமைப்பு இருந்தால், மாற்றம் படிப்படியாக, முன்னறிவிப்போடு, கடனுதவியோடு வரும். தொழிலாளியும் இந்தப் படுகையின் தண்ணீரைத்தான் குடிக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. வேலையையும் தண்ணீரையும் எதிரெதிரே நிறுத்துவது அமைப்பின் தோல்வி. அதைத் தொழிலின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு, எல்லாம் அரசியல் உறுதியைப் பொறுத்தது என்பது. தமிழ்நாட்டு அரசுக்குத் திறமையோ உறுதியோ இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் ஆட்சிகள் மாறியும் வளர்ந்தது. 1997இல் நடுவண் அரசு பொது விநியோகத்தை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையைத் தக்கவைத்தது. அங்கே உறுதி எங்கிருந்து வந்தது? ரேஷன் கடையில் ஒரு மாதம் அரிசி வராவிட்டால் ஊரே அன்றே அறியும், சட்டமன்ற உறுப்பினரின் வாசலில் கூட்டம் கூடும். தவறு உடனே தெரிகிற, பொறுப்பாளி யாரென்று விளங்குகிற அமைப்பு அது. உறுதி வானத்திலிருந்து விழுவதில்லை. கேட்பவர் இருக்கும் இடத்தில்தான் அது பிறக்கிறது.

மூன்றாவது மறுப்பு இன்னும் அடிப்படையானது. மக்களாட்சியே மெதுவானது, கேள்வி கேட்கவிடாத ஆட்சி இதை விரைவில் முடித்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கெட்ட நிலத்தின் பரப்பும் கெட்ட கிணறுகளின் நிலையும் நமக்குத் தெரியவந்ததே ஒரு குடிமக்கள் மன்றம் வழக்குப் போட முடிந்ததால்தான். அந்த உரிமை இல்லாத இடத்தில் இந்தக் கணக்கே வெளிவராது. மக்களாட்சிகளுக்குள்ளேயும் வேறுபாடுகள் உண்டு. ஆரண்ட் லைபார்ட் 36 மக்களாட்சிகளை ஒப்பிட்டு, பெரும்பான்மையினர் எல்லாவற்றையும் முடிவு செய்யும் முறையைவிட, பலரையும் முடிவில் பங்குபெறச் செய்யும் முறை சுற்றுச்சூழல் போன்ற துறைகளில் நன்றாகச் செயல்படுகிறது என்று கண்டார். நாடுகளின் சராசரியை வைத்து ஓர் ஆற்றங்கரையை முடிவு செய்துவிட முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் திசை தெளிவாகவே இருக்கிறது. நமக்குத் தேவை மக்களாட்சியைக் குறைப்பதல்ல, ஆற்றின் கீழ்க்கரை வரை அதைக் கொண்டுபோவது.

என்ன செய்ய வேண்டும்?

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் ஆற்றுக்காக 1899இல் ஒரு சங்கம் அமைந்தது. நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் கட்டாய உறுப்பினர்கள், கட்டணமும் கட்டாயம். பிரான்ஸ் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டை ஆறு படுகைகளாகப் பிரித்தது. ஒவ்வொரு படுகைக்கும் உள்ளாட்சியினரும் நீர்ப் பயனாளர்களும் அரசும் சேர்ந்த குழுவையும், மாசுக்குக் கட்டணம் வசூலிக்கும் முகமையையும் அது நிறுவியது. இவற்றிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எம்ஷர் சங்கத்தில் ஆற்றைத் தூய்மையாக வைக்க வேண்டும் என்று கேட்பவருக்கு வலு இல்லாததால், அந்தச் சங்கமே பல பத்தாண்டுகள் அந்த ஆற்றைத் திறந்த சாக்கடையாகப் பயன்படுத்தியது. 1992இல் தொடங்கிய சீரமைப்பின் பயனாக, கழிவுநீர் ஆற்றில் கலப்பது 2021இல்தான் நின்றது. படுகைக்கு ஓர் அமைப்பு இருந்தால் மட்டும் போதாது. அதில் யாருக்கு வாக்கு என்பதே விதியைத் தீர்மானிக்கும்.

ஆகவே பாலாற்றுப் படுகைக்கு மாநிலச் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தின் மூலம் ஒரு பேரவை வேண்டும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களோடு, கடல் வரை கீழ்க்கரையில் உள்ள காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களும் அதில் சேர வேண்டும். ஆலைகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் நகராட்சிகளுக்கும் இடம் வேண்டும். பாதிப்பை அனுபவிக்கும் ஊராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் வேண்டும். அவர்கள் எதிர்த்து வாக்களித்தால் எந்தக் காலநீட்டிப்பும் செல்லாது என்ற விதி வேண்டும். வெளியேற்றும் உப்பின் அளவுக்கேற்ப ஆண்டுக் கட்டணமும், கிணற்று நீரின் ஆண்டு ஆய்வை வைத்துத் தானாகவே சேரும் இழப்பீடும் வேண்டும். இழப்பீட்டுக்காக இன்னொரு தலைமுறை வழக்காடக் கூடாது. வாரியத் தலைவர் வெளிப்படையான தேர்வுக் குழுவால், குறித்த பதவிக்காலத்துக்கு நியமிக்கப்பட வேண்டும். அரசு வாரியத்துக்குத் தரும் ஒவ்வொரு வழிகாட்டுதலும் காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும். இன்னொரு குழுவா என்று சலிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம்மிடம் ஆலோசனை சொல்லும் குழுக்கள் நிறைய உண்டு. இல்லாதது, இழப்பவர் கையில் வாக்கு இருக்கும் ஒரே ஓர் அமைப்பு. இதற்கு ஆகும் செலவு, கெட்ட நிலத்தின் விலையோடு ஒப்பிடும்போது சிறியது.

2024இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் திருத்தப்பட்டது. சிறைத் தண்டனைக்குரிய பல குற்றங்கள் பணத் தண்டனைக்கு மாறின. வாரியத் தலைவரின் நியமன முறையை வகுக்கும் அதிகாரம் நடுவண் அரசுக்குப் போனது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அதை இங்கே ஏற்பதா என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றமே தீர்மானத்தின் மூலம் முடிவு செய்யலாம். அந்த விவாதம் வரும் நாளே படுகைப் பேரவையைக் கேட்கும் நாளாகவும் இருக்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மார்ச் 22ஆம் நாள், உலகத் தண்ணீர் நாளை ஒட்டி, தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. பாலாற்றின் இரு கரையிலும் உள்ள ஒவ்வொரு கிராம சபையும் அந்த நாளில் தன் ஊர்க் கிணறுகளின் கணக்கோடு இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம். அந்தக் கணக்கை எடுத்துக் கொடுக்க இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் மாணவர்களால் முடியும். வேதியியல் துறை நீரைச் சோதிக்கட்டும், பொருளியல் துறை இழப்பைக் கணக்கிடட்டும், அரசியல் துறை தீர்மானத்தை எழுத உதவட்டும். கேட்பவர்கள் ஒன்றுகூடி, எழுத்தில், ஆண்டுதோறும் தவறாமல் கேட்டால், பதில் சொல்லும் அமைப்பை அரசு உருவாக்கியே ஆக வேண்டும்.